நாயின் மூச்சை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாய் வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மனிதரிடம் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது வேகமாக ஊதுங்கள்" என்று சொல்லிவிடலாம். நாயிடம் சொல்ல முடியாது. நாயின் மூச்சை அளக்கும் உபாயங்கள் எல்லாமே இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள்தான். கீழே உள்ள பதில்களை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

மூச்சுவழித் தடை என்று மருத்துவர்கள் சொல்வது எதை?

மூக்கு நுனியிலிருந்து நுரையீரலின் நுண்ணறைகள் வரை காற்று ஓட வேண்டுமானால் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வேண்டும். நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் காற்றை ஓட்ட எத்தனை சென்டிமீட்டர் நீரழுத்தம் செலவாகிறது என்பதே தடை. அழுத்த வேறுபாட்டைக் காற்றோட்ட வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். அந்த அழுத்தத்தை உயிருள்ள, முரண்டு பிடிக்கிற ஒரு நாயின் உடலில் எந்த இடத்தில் அளப்பது என்பதுதான் பாடு.

குழாயின் அகலம் இதில் முக்கியம். காற்று சீராக ஓடும்போது குழாயின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் தடை 16 மடங்காகிறது. சுழித்து ஓடினால் அதைவிட மோசம். குறட்டைபோலச் சத்தம் கேட்கும் நாயில் காற்று பெரும்பாலும் சுழித்துத்தான் ஓடுகிறது. மூக்குத்துளையைச் சில மில்லிமீட்டர் மட்டும் அகலப்படுத்தும் அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாய்கள் கண்ணெதிரே மாறிப்போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

நெகிழ்வு என்பது வேறா?

வேறுதான். தடை குழாயைப் பற்றியது. நெகிழ்வு நுரையீரலும் விலாக்கூடும் எவ்வளவு எளிதாக விரிகின்றன என்பதைப் பற்றியது. ஒரு சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது என்று அளக்கிறோம். நுரையீரலில் நீர் கோத்தாலும் தழும்பு ஏற்பட்டாலும் நெகிழ்வு குறையும். நல்ல நாய் ஓய்வில் ஒரு மூச்சுக்கு எடுக்கும் காற்று, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிலிட்டர். 20 கிலோ நாய்க்கு 200 முதல் 300 மில்லிலிட்டர்.

கருவி எதுவும் இல்லாமல், மூச்சு விடும் விதத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மாணவர்கள் முதலில் பழக வேண்டியதும் இதைத்தான் என்பது என் கருத்து.

மூச்சு விடுவது தசைகளுக்கு வேலை. உடல் அந்த வேலையைக் குறைந்த செலவில் முடிக்கப் பார்க்கிறது. 1950இல் ஓட்டிஸ், ஃபென், ரான் ஆகிய மூவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். காற்றுப்பாதை குறுகியிருந்தால் வேகமாக இழுக்க இழுக்கத் தடைக்கான செலவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே நாய் மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சு விடும். நுரையீரல் விறைத்திருந்தால் ஆழமாக விரிப்பதுதான் செலவு. அப்போது மேலோட்டமாக, வேகவேகமாக விடும். இதய நோயால் நுரையீரலில் நீர் சேர்ந்த நாய் அடுக்கடுக்காகச் சிறு மூச்சு விடுவதும், குரல்வளை திறக்காத முதிய லாப்ரடார் இழுத்து இழுத்துச் சத்தத்தோடு மூச்சு விடுவதும் இதனால்தான்.

சத்தம் எப்போது வருகிறது என்பதும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உள்ளிழுக்கும்போது சத்தம் என்றால் கோளாறு பெரும்பாலும் மார்புக்கு வெளியே, அதாவது மூக்கிலோ தொண்டையிலோ குரல்வளையிலோ கழுத்துப் பகுதி மூச்சுக்குழாயிலோ இருக்கும். வெளிவிடும்போது திணறல் என்றால் மார்புக்கு உள்ளே தேட வேண்டும்.

ஏன் இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது?

இளநீர்க் கடையில் தரும் காகிதக் குழாய் ஊறிப்போன பிறகு பலமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பகுதி மூச்சுக்குழாய் தளர்ந்த பொமரேனியனுக்கு மூச்சை இழுக்கும்போது நடப்பது அதுவே. மார்புக்குள் நிலைமை தலைகீழ். உள்ளிழுக்கும்போது மார்பின் உள்ளழுத்தம் குறைந்து குழாயைத் திறந்து வைக்கிறது. வெளிவிடும்போதும் இருமும்போதும் சுற்றியிருக்கும் அழுத்தம் குழாயை நெரிக்கிறது. சிறு இன நாய்களில் வாத்து கத்துவதுபோல் வரும் வறட்டு இருமலைக் கேட்டால் மருத்துவர்கள் முதலில் மூச்சுக்குழாய்ச் சரிவைச் சந்தேகிப்பது இதனால்தான். இத்தகைய நாய்களுக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை போதும்.

நாய் வாயைத் திறந்து இளைப்பது தடை அதிகமானதன் அறிகுறியா?

வெயிலில் இளைப்பது நோயல்ல. அது நாயின் குளிர்விப்பு ஏற்பாடு. நிமிடத்துக்கு 10 முதல் 30 மூச்சு விடும் நாய், இளைக்கும்போது 300ஐத் தாண்டுகிறது. இவ்வளவு வேகத்தில் தசைகள் சூடேறி வெப்பம் கூடிவிடாதா என்று கேட்கலாம். 1962இல் கிராஃபோர்ட் செய்த அளவீடு இதற்கு விடை தந்தது. விலாக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் அவற்றின் மீள்தன்மையால் இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. நாய் ஏறக்குறைய அந்த வேகத்திலேயே இளைக்கிறது. அதனால் குறைந்த உழைப்பில் நிறையக் காற்று மேலோட்டமாக ஓடுகிறது. காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே வருகிறது என்று 1970இல் ஷ்மிட் நீல்சன் குழு காட்டியது. மூக்கினுள் சுருண்டிருக்கும் ஈரமான சவ்வுகளின் மேல் காற்று உரசிச் செல்வதால்தான் குளிர்ச்சி.

கவலைப்பட வேண்டியது, குளிர்ந்த அறையில் படுத்திருந்தும் அடங்காத இளைப்பைக் கண்டால்தான்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவதி?

மூக்கு வழியாக மூச்சு விடும் நாயில் மொத்தத் தடையின் பெரும்பகுதி மூக்கிலேயே இருக்கிறது. நல்ல நாய்க்கே அப்படி. முகவெலும்பைக் குட்டையாக்கி வளர்த்த இனங்களில் எலும்பு சுருங்கியதே தவிர உள்ளிருக்கும் சதை அதே அளவு சுருங்கவில்லை. மூக்குத்துளை இடுக்கு, தொண்டையை அடைக்கும் நீண்ட மென்அண்ணம், காலப்போக்கில் வெளியே பிதுங்கும் குரல்வளைப் பைகள், சில நாய்களில் பிறவியிலேயே சிறுத்த மூச்சுக்குழாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடைப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் பலமாக உறிஞ்ச வேண்டியிருப்பதால் திசுக்கள் வீங்குகின்றன; வீக்கம் பாதையை மேலும் குறுக்குகிறது.

2003இல் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நம் நாட்டில் பெற்ற வரவேற்பு பலருக்கும் நினைவிருக்கும். சென்னைத் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருந்தாத நாயைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். "அது குறட்டை விட்டால் அழகாக இருக்கிறது" என்பவர்களிடம் நான் சொல்வது, அது அழகில்லை, அடைப்பு.

விழித்திருக்கும் நாயில் தடையை நேரடியாக அளக்கும் வழி என்ன?

பழைய, நேர்மையான வழி இது. முகமூடி பொருத்தி, அதன் முனையில் நியூமோடாக்கோகிராஃப் என்ற காற்றோட்டமானியை இணைக்க வேண்டும். நுரையீரலைச் சூழ்ந்த அழுத்தத்தை அறிய, நுனியில் சிறு பலூன் கொண்ட மெல்லிய குழாயை உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி வரை இறக்க வேண்டும். வாயருகே உள்ள அழுத்தத்துக்கும் பலூன் காட்டும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி நுரையீரலை விரிக்கச் செலவானது. மீதி தடையைத் தாண்டச் செலவானது. இரண்டையும் பிரிக்கும் முறையை 1953இல் மீட், விட்டன்பெர்கர் இருவரும் மனிதர்களில் செய்து காட்டினார்கள்.

நாயில் செய்யும்போது தொல்லைகள் தொடங்குகின்றன. உதட்டோரம் காற்று கசியும். சப்பை முகத்தில் முகமூடி உட்காரவே உட்காராது. முகமூடிக்குள் தங்கும் காற்றை நாய் மறுபடியும் சுவாசிப்பதால் மூச்சின் ஆழம் மாறிவிடும். பலூன் குழாயை மூக்கு வழியாக இறக்கினாலோ, அளக்க வந்த மூக்கையே நாம் அடைத்துவிடுகிறோம்! இதற்கெல்லாம் நாய் பதறினால் கிடைப்பது பதற்றத்தின் எண்தான். ஆகவே இம்முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது.

முகமூடியின் வழியே நுண்ணிய அழுத்த அலைகளை அனுப்பி, அவை திரும்பும் விதத்தைக் கொண்டு தடையைக் கணிக்கும் அலைவு முறையும் உண்டு. நாய் வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மூக்கின் தடையே மிகப் பெரியது என்பதால், ஆழத்தில் உள்ள சிறு குழாய்களின் நிலை அதற்குள் மறைந்துபோகும்.

அழுத்தமே அளக்காமல் வரைபடம் மட்டும் எடுப்பதாகச் சொல்கிறார்களே?

அது ஓட்டம்–கொள்ளளவு வளையம். முகமூடியும் காற்றோட்டமானியும் மட்டும் போதும். ஒவ்வொரு மூச்சையும் ஒரு வளையமாக வரைந்து, எண்ணைவிட வடிவத்தைப் பார்க்கிறோம். உள்ளிழுக்கும் பகுதி தட்டையாக இருந்தால் குரல்வளை வாதம்போல் மார்புக்கு வெளியே உள்ள அடைப்பு. வெளிவிடும் பகுதி தட்டையானால் மார்புக்குள் குழாய் சரிகிறது. இரண்டும் தட்டையானால் கட்டி அல்லது தழும்பு போன்ற அசையாத அடைப்பு. 1980களிலேயே விழித்திருக்கும் நாய்களில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். எளிமையானது, மலிவானது, இன்னும் பரவலாகாதது எனக்கு வியப்புதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நாயை விட்டு அளப்பது எப்படி வேலை செய்கிறது?

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சென்னைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

முழுவுடல் பிளெதிஸ்மோகிராஃபி என்று பெயர். ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் நாய் முகமூடி இல்லாமல் நிற்கலாம், படுக்கலாம். புதிய காற்று சீராக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நாய் உள்ளிழுத்த காற்று உடலுக்குள் சூடாகி, ஈரமாகி, விரிகிறது. அந்த விரிவு பெட்டியின் அழுத்தத்தை இம்மியளவு உயர்த்துகிறது. மூச்சு வெளிவரும்போது அது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து மூச்சின் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தை 1955இல் டிரோர்பா, ஃபென் இருவரும் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு சப்பை மூக்கு நாய்களின் அடைப்பை மதிப்பிட இதைப் பெரிதும் பயன்படுத்தியிருக்கிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், உள்ளே போன காற்று உடல் சூட்டில் ஏறத்தாழ 10 சதவீதம் விரிகிறது. அறை 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் விரிவு 4 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். கருவிக்குக் கிடைக்கும் சமிக்ஞை பாதிக்கும் கீழே! மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இந்தப் பெட்டியை வைத்தால் மூச்சின் அளவு தாறுமாறாக வரும். அறையின் வெப்பமும் ஈரமும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏற்றப்பட்டனவா என்று கேளுங்கள்.

இன்னொன்று. இந்தப் பெட்டி தடையை நேரடியாக அளப்பதில்லை. அலையின் வடிவத்திலிருந்து 'பென்ஹெச்' என்ற அலகில்லாத எண்ணைத் தருகிறது. அதைத் தடை என்று எழுதும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை. மூச்சின் வேகம் மாறினாலே அந்த எண் மாறும். ஒரே நாயை அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே சூழலில் ஒப்பிடப் பயன்படும். இரண்டு வெவ்வேறு நாய்களை அதை மட்டும் வைத்து வரிசைப்படுத்தக் கூடாது.

மயக்கம் கொடுத்து அளந்தால் துல்லியமாக இருக்காதா?

துல்லியமாக இருக்கும், ஆனால் வேறொன்றின் துல்லியம். வென்டிலேட்டரில் உள்ள நாயில் காற்றை ஊதி, நிறுத்தி, அழுத்தம் அடங்கும்வரை பார்க்கலாம். கணக்குக்கு வசதியான எண்களை எடுத்துக்கொள்வோம்: உச்ச அழுத்தம் 14, அடங்கிய அழுத்தம் 10, காற்றோட்டம் நொடிக்கு 0.4 லிட்டர், ஊதிய காற்று 250 மில்லிலிட்டர். வேறுபாடான 4ஐ 0.4ஆல் வகுத்தால் தடை 10. 250ஐ 10ஆல் வகுத்தால் நெகிழ்வு 25, மூச்சின் முடிவில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும் பட்சத்தில்.

ஆனால் மூச்சுக்குழாயில் செருகிய குழாய் மூக்கையும் தொண்டையையும் குரல்வளையையும் தாண்டிச் சென்றுவிட்டது. பக் நாயின் நோயே அங்கேதான். செருகிய குழாயின் சொந்தத் தடையும் அந்தப் பத்துக்குள் கலந்திருக்கிறது. நுரையீரலை அறிய இம்முறை அருமை. மூக்கை அறிய உதவாது.

ஆக்சிஜன் அளவு 98 காட்டுகிறது. அப்படியென்றால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருளா?

இல்லை. நாக்கிலோ உதட்டிலோ மாட்டும் கருவி இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். அதற்காக நாய் எவ்வளவு உழைக்கிறது என்பதைச் சொல்லாது. தடை ஏற ஏறத் தசைகள் கூடுதலாக உழைத்து அளவை 95க்கு மேல் தாங்கிப் பிடிக்கும். தசை ஓய்ந்த பிறகே அது சரியும். அப்போது நேரம் அதிகம் இருக்காது. கறுப்புத் திட்டு உள்ள நாக்கில் கருவி தவறான அளவும் காட்டலாம்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா?

நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போதும். அசையும் அடைப்புக்குப் போதாது. மூச்சுக்குழாய் சரிவது ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. அந்த நொடியை எக்ஸ்ரே தவறவிடும். அசைவைக் காட்டும் ஃபுளோரோஸ்கோப்பியோ எண்டோஸ்கோப்பியோ வேண்டும்.

சப்பை மூக்கு நாய்களுக்குத் தரநிலைச் சோதனை இருக்கிறதாமே?

2019இல் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முறையைக் கொண்டுவந்தன. முதலில் நாயின் மூச்சைக் குரல்வளைமேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள். பிறகு மூன்று நிமிடம் சிற்றோட்டம், மறுபடி கேட்கிறார்கள். சத்தம், திணறல் இவற்றைக் கொண்டு 0 முதல் 3 வரை தரம். பெட்டி வேண்டாம், பலூன் வேண்டாம். படுத்திருக்கும்போது சாதுவாகத் தெரியும் நாயை ஓடவிட்டுப் பார்ப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் முன்னிலையில், குளிர்ந்த இடத்தில் மட்டுமே செய்ய வேண்டியது. மொட்டை மாடியில் நீங்களே முயல வேண்டாம்.

டாக்டர், வீட்டில் நான் எதை அளக்கலாம்?

உறங்கும்போது மூச்சு எண்ணிக்கை. நாய் ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. கனவில் கால் உதறும்போது எண்ண வேண்டாம். தேதியோடு குறித்து வையுங்கள். உங்கள் நாயின் வழக்கமான எண்ணிலிருந்து அது சில நாள்களாக ஏறிக்கொண்டே போவதுதான் முக்கியம். இதய நோய் உள்ள நாய்க்கு நுரையீரலில் நீர் சேர்வதை முன்கூட்டியே காட்டும் மலிவான அளவீடு இதுவே. செலவே இல்லாத இதைப் பலர் செய்யாமல் விடுகிறார்கள்.

கத்திரி வெயிலில் எப்போது நடைக்கு அழைத்துப் போகலாம்?

விடியற்காலையில். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று இதமாக இருக்கிறதே என்பார்கள். கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும், ஈரத்தைக் கூட்டும். இளைப்பால் கிடைக்கும் குளிர்ச்சி ஆவியாதலை நம்பியது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். மேலே சொன்ன பெட்டியின் சமிக்ஞையைச் சுருக்கும் அதே காரணம் நாயின் குளிர்ச்சியையும் சுருக்குகிறது. சப்பை மூக்கு நாய், பருமனான நாய், குரல்வளை தளர்ந்த முதிய நாய் மூன்றுக்கும் இதில் ஆபத்து அதிகம்.

கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டி நின்று மூச்சுக்குத் திணறினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். உடலை நீரால் நனைத்து, மின்விசிறிக் காற்றுப் படவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துண்டால் மூடி வைப்பது வெப்பத்தை உள்ளேயே தேக்கும்.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி நாய்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லையா?

மூக்கு நீளம் பெரிய பாதுகாப்பு. சப்பை மூக்கு நாய்களின் அடைப்பு நோய் இவற்றுக்கு வருவதில்லை. நிமோனியாவும் இதய நோயும் இனம் பார்ப்பதில்லை.

சென்னையில் எங்கே போவது?

முதலில் வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம். பெரும்பாலான முடிவுகளுக்கு உற்றுப்பார்த்தல், ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே, தேவையானால் மயக்கத்தில் தொண்டையைத் திறந்து பார்த்தல் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதத்தோடு செல்லலாம். எந்தச் சோதனை எந்த நாளில் நடக்கிறது என்று முன்பே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெட்டி, அலைவு முறை போன்றவை ஆய்வுக் கருவிகள். அவை இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

உச்சி வெயிலில் ஆட்டோவில் கொண்டுபோகாதீர்கள். வந்து சேரும்போது மூச்சின் விதமே மாறியிருக்கும். வாயை இறுக்கும் கட்டு வேண்டாம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் மற்ற நாய்கள் குரைத்தால் உங்கள் நாயோடு நிழலான வராந்தாவில் நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் அது தூங்கும்போதும் நடந்து வந்ததும் கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலியோடு படம்பிடித்து வையுங்கள். மருத்துவமனை மேசைமேல் பயந்து நிற்கும் நாய் அந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. உள்ளே போனதும் முதலில் அந்தப் பதிவைக் காட்டுங்கள். நாயைத் தொட்டுப் பார்ப்பது பிறகு நடக்கட்டும்.